சாபமல்ல, காயம்! - கொல்லிமலையில் பிறந்து, தொழுநோயாளிகளின் கைகளை மீட்டுத் தந்த டாக்டர் பால் பிராண்ட்

சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகளில் 'எம்.சி.ஆர் செருப்பு' என்ற பெயர் நன்றாகப் பழகியிருக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைகிறது என்று தெரிந்ததும் மருத்துவர்கள் வாங்கிப் போடச் சொல்வது அதைத்தான். மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். அந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கதை வேலூரில் போய் நிற்கும். அங்கே அது முதலில் தயாரானது சர்க்கரை நோயாளிகளுக்காக அல்ல. ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளுக்காக.

அந்த நோயாளிகளின் கால்களையும் கைகளையும் தன் மடியில் எடுத்துவைத்துப் பார்த்தவர், டாக்டர் பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேயர்கள். பிறந்தது நம் கொல்லிமலையில், 1914 ஜூலை 17-ல். இறந்தது 2003 ஜூலை 8-ல், அமெரிக்காவின் சியாட்டில் நகரில். இன்னும் ஒன்பது நாள்கள் இருந்திருந்தால் 89 வயது நிறைந்திருக்கும்.

உலகம் அவரைக் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சை நிபுணர் என்று நினைவில் வைத்திருக்கிறது. கிறிஸ்தவர்கள் ஒரு நல்ல விசுவாசியாக நினைக்கிறார்கள். அவர் வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. 'கடவுளின் சாபம்' என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒரு நோயைப் பார்த்து, 'இது சாபம் இல்லை, காயம். காயம் என்றால் தடுக்கலாம்' என்று நிரூபித்தவர், கடவுளை முழுமையாக நம்பிய ஒரு மனிதர்!

மலைமேல் ஒரு வீடு

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதி 1913-ல் திருமணம் முடித்து கொல்லிமலையில் குடியேறினார்கள். இன்று நாம் பைக்கில் பறக்கும் கொண்டை ஊசி வளைவுகள் எதுவும் அப்போது இல்லை. ஏறுவதும் இறங்குவதும் கால்நடையாகத்தான், முடியாதவர்களுக்கு டோலி. மலேரியா வாட்டிய மலை அது.

ஜெஸ்ஸி போதகர் மட்டும் அல்ல. வீடு கட்டுவார், தச்சு வேலை செய்வார், பல் பிடுங்குவார். காலில் நரம்புச் சிலந்திப் புழுவோடு வருபவர்களுக்கு அதைப் பக்குவமாக வெளியே எடுத்துவிடுவார். ஊருக்கே ஒரே வைத்தியர். சீழும் ரத்தமுமான அந்தக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த சிறுவன் பால், 'வாழ்க்கையில் என்ன ஆனாலும் சரி, டாக்டர் மட்டும் ஆகக் கூடாது' என்று முடிவெடுத்திருந்தான்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் மூன்று பேர் வந்தார்கள். தொழுநோயாளிகள். யாருக்கும் பயப்படாமல் புண் கழுவும் அப்பா, அன்று மட்டும் கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அம்மா ஒரு கூடையில் பழங்கள் வைத்துக் கொடுத்தார். அவர்கள் கிளம்பிய பிறகு அந்தக் கூடை தீயில் போனது. அன்பான பெற்றோர்தான். ஆனால், அந்தக் காலத்தில் தொழுநோய் பற்றிய பயம் அந்த அளவுக்கு இருந்தது. இந்தக் காட்சி பால் பிராண்டின் மனதில் கடைசிவரை தங்கியிருந்தது.

9 வயதில், படிப்புக்காக தங்கை கோனியுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பாவிடமிருந்து கடிதங்கள் வரும். மலையில் எந்த மரம் பூத்தது, எந்தப் பறவை வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுவார். 1929-ல், பிளாக் வாட்டர் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். தகவல் தந்தியில் வந்துவிட்டது. கடிதங்கள் கப்பலில் வருபவை ஆயிற்றே... இறந்துபோன அப்பாவின் கடிதம், மரணச் செய்திக்குப் பிறகு மகன் கையில் கிடைத்தது. பால் பிராண்டுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை.

கொத்தனாராக வர நினைத்தவர்

அப்பாவைப் போலவே இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், டாக்டராக அல்ல, கட்டடம் கட்டுபவராக. பள்ளி முடித்ததும் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் முறைப்படி கற்றார். 'எதற்கும் உதவும்' என்று ஓராண்டு மருத்துவப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தபோதுதான் எல்லாம் மாறியது.

லண்டன் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியில் இருந்தார். ரத்தப்போக்கால் உயிர் போகும் நிலையில் ஓர் இளம்பெண் கொண்டுவரப்பட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ரத்தம் ஏற்ற ஏற்ற அந்தக் கன்னங்களில் மெல்ல நிறம் திரும்பியது. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்டார் அந்தப் பெண். ரத்தம் என்றால் அருவருப்பு என்றிருந்த இளைஞருக்கு, ரத்தம் என்றால் உயிர் என்று புரிந்த இரவு அது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் திருமணம் செய்தார். போர்க்காலம், குண்டுவீச்சில் சிதைந்துவந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தே கை தேர்ந்தது.

1946-ல் வேலூர் சி.எம்.சி-யிலிருந்து அழைப்பு வந்தது. கிளம்பிவிட்டார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

அப்போது செங்கல்பட்டு அருகே திருமணியில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. இன்று மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் சிகிச்சையில் பெரிய பெயர். 1947-ல் பால் பிராண்ட் அவரைப் பார்க்கப் போனார். வளாகத்தைச் சுற்றிவரும்போது, நோயாளிகளின் மடங்கிப்போன கைகள்தான் பிராண்டின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. 'ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன சிகிச்சை?' என்று கேட்டார். தான் தோல் மருத்துவர் என்றும், எலும்பு மருத்துவரான நீங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் திருப்பிக் கொடுத்தார் காக்ரேன். உலகில் அவ்வளவு பேருக்குக் கைகளை முடக்கிப்போடும் ஒரு நோயை, எந்த எலும்பு மருத்துவரும் அதுவரை சரியாக ஆராய்ந்திருக்கவில்லை.

அங்கே ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். மடங்கிய விரல்கள், பலம் இருக்காது என்றுதான் நினைத்தார். அந்தப் பிடியில் வலி தாங்க முடியவில்லை! அதே கணத்தில் அவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன. ஒன்று, இந்தக் கையில் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. சில தசைகள் முழு பலத்தோடு இருக்கின்றன. இரண்டு, எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது இந்த மனிதருக்குத் தெரியவே இல்லை.

முதல் விஷயம் அறுவை சிகிச்சைக்கு வழி காட்டியது. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. தோலுக்கு அருகில், உடம்பின் குளிர்ச்சியான பகுதிகளில் ஓடும் நரம்புகள்தான் அதிகம் வீங்கிச் செயலிழக்கின்றன. அதனால், உள்ளங்கையின் சிறு தசைகள் முடங்கும். முன்கையின் சில தசைகள் தப்பித்துக்கொள்ளும். தப்பித்த தசையின் தசைநாரைப் பிரித்து, முடங்கிய விரலோடு இணைத்தால்? இந்தக் கேள்வியோடு 1948 வாக்கில் முதல் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. 'தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, வெட்டினால் ஆறாது' என்று பலர் எச்சரித்தார்கள். ஆறியது. விரல்கள் நிமிர்ந்தன. பிசியோதெரபியில் பழகப் பழக, ஒரு வாய்ச் சோற்றைப் பிசைந்து உருட்டி எடுக்கும் அளவுக்கு அந்தக் கைகள் வளைந்து கொடுத்தன. நம் ஊரில் கையால் சாப்பிட முடிவது எவ்வளவு பெரிய கௌரவம் என்று நமக்குத் தெரியும்தானே!

பூட்டும் சாவியும்

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கினான். ஒரே திருப்பு, பூட்டு திறந்துவிட்டது. இவ்வளவு பலமா என்று வியந்தவர், தரையில் ரத்தத் துளிகளைப் பார்த்தார். சாவி அழுத்தியதில் அந்தச் சிறுவனின் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி உதிரும் என்பதுதான் அன்று ஊரின் நம்பிக்கை. பல மருத்துவர்களின் நம்பிக்கையும் அதுதான். பிராண்டும் அவர் குழுவினரும் ஒவ்வொரு காயத்தின் பின்னாலும் துப்பறிவாளர்கள்போல அலைந்தார்கள். சூடான பாத்திரத்தை வெறும் கையால் எடுத்தது, மண்வெட்டிக் கைப்பிடியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி, செருப்புக்குள் கிடந்த சிறு கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சிலருக்கு மட்டும் இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருந்தபோது விடை கிடைத்தது: எலிகள். தூங்குபவருக்கு வலி இல்லாததால், எலி கடிப்பது தெரியவில்லை. அதன் பிறகு, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையும் சேர்த்து அனுப்பப்பட்டது!

எலியும் ஆணியும் சூடான பாத்திரமும்தான் காரணம் என்றால், இது யாருடைய பாவத்துக்கும் வந்த தண்டனை இல்லை. தினமும் கை கால்களைப் பார்த்துப் பராமரித்தால், விரல்களைக் காப்பாற்றலாம். தன் உடம்பைத் தானே வெறுத்துக்கொண்டிருந்த மனிதர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! பாதப் புண்ணுக்கும் அதே விடைதான். நடக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண் ஆகிறது. மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தால் ஆறுகிறது. அந்த அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்ப என்ன வழி என்ற தேடலில்தான் எம்.சி.ஆர் செருப்பு வந்தது.

பிச்சைக்கு உதவாத கைகள்

கை சரியாகிவிட்டால் கதை முடிந்துவிடும் என்று பிராண்ட் நினைத்திருக்கலாம். முடியவில்லை. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போன ஓர் இளைஞர், சில நாள்களில் மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். மடங்கிய கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள், இப்போது போடவில்லை. தொழுநோயின் தடம் உடம்பில் இருந்ததால், யாரும் வேலையும் தரவில்லை. 'நீங்கள் தந்தவை பிச்சை எடுக்க உதவாத கைகள்' என்று அவர் சொன்னது பிராண்டை உலுக்கிப்போட்டது.

கையை மட்டும் சரிசெய்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழில் வேண்டும். 1951-ல் சி.எம்.சி கல்லூரி வளாகத்தில் 'நவஜீவ நிலையம்' தொடங்கியது. கிராமத்து வீடுகளைப் போலவே எளிய குடிசைகள், ஒரு பட்டறை. வீணாகிவிட்டதாக அவரே நினைத்த கட்டட வேலையும் தச்சு வேலையும் இங்கே கை கொடுத்தன. டாக்டரே நின்று மரம் இழைக்கக் கற்றுக்கொடுத்தார். எந்தக் கருவியை எப்படிப் பிடித்தால் காயம் படாது என்பதும் பாடத்தில் சேர்ந்தது. தொழுநோயை முகத்திலேயே காட்டிக்கொடுக்கும் உதிர்ந்த புருவங்களுக்கும், அமிழ்ந்த மூக்குக்கும்கூட அறுவை சிகிச்சை செய்தார். அழகுக்காக அல்ல. அவர்கள் பேருந்தில் ஏறவும், டீக்கடையில் உட்காரவும் முடிய வேண்டும் என்பதற்காக. 1955-ல் வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை உருவானது. கண் பார்வையைப் பறிக்கும் தொழுநோய்ப் பாதிப்புகளில் நிபுணராக உயர்ந்தார் மனைவி மார்கரெட். ஆறு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டேதான்!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கேரளாவைச் சேர்ந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, கைகளுக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று யோசனை சொன்னவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் மேரி. பின்னாளில் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தி, 1972-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

தோளில் ஒரு கை

பிராண்டின் விசுவாசம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல, இரண்டு சம்பவங்கள் போதும். இரண்டையும் அவரே தன் நூல்களில் எழுதியிருக்கிறார்.

ஒரு நோயாளியிடம் சிகிச்சையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அவர் தோளில் கை வைத்தார். அந்த மனிதர் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று பதறிப்போய் உதவியாளரிடம் கேட்டார். தவறு எதுவும் இல்லை. பல வருடங்களாக யாருமே அவரைத் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நாள், நோயாளிகள் கூடிப் பாடிய கூட்டத்துக்குக் களைப்போடு போய் ஓரமாக உட்கார்ந்தார். பேசச் சொன்னார்கள். தயாரிப்பு எதுவும் இல்லை. எதிரே இருந்தவர்களின் கைகளைப் பார்த்தார். வெளியே தெரியாதபடி மறைத்துவைக்கப்பட்டிருந்த கைகள். இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தச்சுப் பட்டறையில் காய்ப்பு ஏறிய கைகள், நோயாளிகளைத் தொட்ட கைகள், ஆணியடிக்கப்பட்டு மடங்கிப்போன கைகள். உயிர்த்தெழுந்த பிறகும் அந்தத் தழும்புகளை அவர் மறைக்கவில்லை, நீட்டிக் காட்டினார் என்று சொல்லி முடித்தார். பேசி முடித்தபோது, மறைந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து கும்பிட்டன. விரல் இல்லாத கைகளும்தான்.

ஓர் இரவு, ஓர் ஊசி

ஐம்பதுகளின் தொடக்கத்தில், அமெரிக்கப் பயணம் முடிந்து லண்டன் வந்து இறங்கியிருந்தார். காய்ச்சல் களைப்பு வேறு. விடுதி அறையில் காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தனக்கே தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். மனைவி, குழந்தைகள், வேலை எல்லாவற்றையும் பிரிய வேண்டியிருக்குமோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் நீண்டநேரம் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன அந்தக் காலையை அவர் மறக்கவே இல்லை. தன் நோயாளிகள் ஒவ்வொருவரும் கடந்துவந்த இரவு எப்படிப்பட்டது என்பதும் அன்றுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது.

1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே 20 ஆண்டுகள். வலியை இழந்தவர்களுக்குச் செயற்கை வலியை உருவாக்கிக் கொடுக்க, பொறியாளர்களோடு சேர்ந்து முயன்றார். அழுத்தம் அதிகமானால் ஒலி எழுப்பும் கையுறைகள் செய்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கண்டுகொள்ளவில்லை. சுருக்கென்று ஷாக் கொடுக்கும்படி மாற்றினார்கள். கடினமான வேலை வந்தால், கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள்! திட்டம் தோற்றது. நம் இஷ்டத்துக்கு அணைக்க முடியாததால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்ற பாடம் மட்டும் மிஞ்சியது. எழுத்தாளர் ஃபிலிப் யான்சியோடு இணைந்து 1993-ல் வெளியிட்ட நூலில், வலியை யாரும் விரும்பாத பரிசு என்றே அழைத்தார்.

'வலி பரிசா? புற்றுநோய் வலியில் துடிப்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா?' என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். பிராண்ட் சொன்னது எச்சரிக்கை மணியான வலியைப் பற்றி. துன்பத்தைச் சகித்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று அவர் ஒருபோதும் உபதேசிக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால், அரை நூற்றாண்டுக்கும் மேலாக மற்றவர்களின் துன்பத்தைக் குறைக்க உழைத்திருக்க மாட்டாரே!

இன்னும் முடியாத வேலை

உயர்ந்த மருத்துவ விருதான ஆல்பர்ட் லாஸ்கர் விருது 1960-ல் அவரைத் தேடி வந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு சி.பி.இ பட்டம் கொடுத்தது. தொழுநோயாளிகளிடம் கற்ற பாதப் பராமரிப்பு, பின்னாளில் உலகமெங்கும் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றும் சிகிச்சையாக மாறியது. கணவர் போன பிறகும் மலைகளை விட்டு இறங்க மறுத்த அம்மா ஈவ்லின், 1974-ல் தன் 95-வது வயதில் இறந்து, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கமானார்.

தொழுநோயை இன்று கூட்டு மருந்து சிகிச்சையால் முழுமையாகக் குணப்படுத்தலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனாலும், இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கும் மேல் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். இதைவிட வருத்தம், தொழுநோயை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவுகள் 2019-ல்தான் நீக்கப்பட்டன. பிராண்ட் செங்கல்பட்டில் அந்தக் கையைப் பிடித்து 72 ஆண்டுகள் கழித்து!

தோலில் உணர்ச்சியற்ற, வெளிர்ந்த அல்லது சிவந்த படை தெரிந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், தினமும் இரவு அவர் பாதங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவருக்கு வலிக்காத காயம் உங்கள் கண்ணில் படலாம். பால் பிராண்ட் வாழ்நாள் முழுவதும் செய்ததும் அதைத்தான். அடுத்தவருக்குத் தெரியாத காயத்தை, அவருக்காக அவர் பார்த்தார்.